எழுந்ததும் குனியாதீர்கள்

காலை 5 மணிக்கு எழுந்து, முகம் கழுவிய கையோடு கால் பெருவிரலைத் தொட முயல்பவரா நீங்கள்? கொஞ்சம் பொறுங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கின்றன. காலையில் நம் உயரம் மாலையைவிட 1 செ.மீ.க்கு மேல் கூடுதலாக இருப்பதும் இதனால்தான். உப்பிய தட்டுடன் குனிந்தால் முதுகில் அழுத்தம் அதிகம். எழுந்து நடமாடத் தொடங்கினால், முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்தக் கூடுதல் உயரத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடும். ஆகவே குனியும் ஆசனங்கள், சிட்-அப், தரையிலிருந்து எடை தூக்குவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவரை தாராளமாக நடக்கலாம். முதுகுவலி உள்ளவர்கள் குனிந்து வாசல் பெருக்குவதையும் தள்ளிப்போடலாம், வீட்டில் ஒத்துக்கொண்டால்!

உடல் வெப்பநிலை விடியற்காலையில் மிகக் குறைவு, மாலையில் உச்சம். தசை வலுவும் பெரும்பாலோருக்கு அதையொட்டியே ஏறும். அதனால் கனமான எடை தூக்க மாலை நேரம் வசதி. காலைதான் தோது என்றால் விட்டுவிட வேண்டாம். வார்ம்-அப்பை 10, 15 நிமிடம் நீட்டினால் போதும். தினமும் ஒரே நேரத்தில் செய்தால் உடல் அந்த நேரத்துக்குப் பழகியும்விடும்.

அப்புறம், இன்சுலின் போடுபவர்கள் மாலையில் கடுமையாகப் பயிற்சி செய்தால் நள்ளிரவில் சர்க்கரை இறங்கலாம். படுக்குமுன் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளுங்கள்.