எண்ணெயில் உடையாத முந்திரிக்கொத்து

தீபாவளிக்கு நாகர்கோவில் பக்கம் முந்திரிக்கொத்து, அதாவது சிறுபயறு-வெல்ல உருண்டையை மாவில் தோய்த்துப் பொரிக்கும் இனிப்பு, சுடாத வீடு குறைவு. எண்ணெயில் போட்டதும் உருண்டை பிளக்கிறதென்றால், பெரும்பாலும் தேங்காயில் ஈரம் இருக்கும், இல்லையேல் பாகு இளகலாக இருக்கும்.

2 கப் சிறுபயறை மணம் வரும்வரை வறுத்து, ரவைபோல் பொடியுங்கள். அரை கப் தேங்காய்த்துருவலைச் சிவக்க வறுத்தால்தான் ஈரம் போகும். இதில் அவசரமே கூடாது. 2 ஸ்பூன் எள், ஏலம், சுக்கு சேருங்கள். ஒன்றரைக் கப் வெல்லத்தை அரை கப் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, ஒற்றைக் கம்பிப் பதத்தில் (விரலிடையில் ஒரு நூல்போல் இழுபடும்போது) இறக்குங்கள். பதம் மிஞ்சினால் உருண்டை கல்லாகிவிடும். பாகைப் பயற்றுக் கலவையில் ஊற்றிக் கிளறி, சூட்டோடு நெல்லிக்காயளவு உருட்டி, சில மணி நேரம் உலரவிடுங்கள்.

பச்சரிசி மாவு, மஞ்சள், உப்பு சேர்த்து இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, உருண்டைகளை அதில் மும்மூன்றாகத் தோய்த்து, மிதமான தீயில் பொரியுங்கள். தேங்காயெண்ணெய்தான் இதற்குப் பொருத்தம்.