மணல் படுகை சிமுலேஷன்: குமிழிகளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

திருப்பூர், பெருந்துறைப் பக்கம் சாயப்பட்டறைக்கு நீராவி கொடுக்கிற மணல் படுகை பாய்லரை, அதாவது அடியிலிருந்து ஊதும் காற்றில் மிதக்கும் சூடான மணலில் எரிபொருளை எரிக்கிற பாய்லரை, கணினியில் ஓட்டிப் பார்க்கிறீர்கள். திரையில் குமிழிகள் அழகாக எழும். நம்புவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். மணலின் அடர்த்தி கனமீட்டருக்கு 2,600 கிலோ, படுகை உயரம் அரை மீட்டர், துகள்களுக்கிடையே இடைவெளி 42 சதவீதம் என்றால், அந்த எடையைத் தாங்க சுமார் 7,400 பாஸ்கல் காற்றழுத்தம் வேண்டும். பாய்லர் ஆட்கள் மானோமீட்டரில் (அழுத்தமானியில்) பார்க்கிற கணக்கில் அது 750 மி.மீ. தண்ணீர். சிமுலேஷன் 600 காட்டினால், மணல் மேல்வழியாக வெளியேறியிருக்கும்; இல்லையென்றால் ஒரு மூலையில் மிதக்காமல் அப்படியே கிடக்கும்.

அதிகம் பேர் சறுக்குவது மெஷ்ஷில், அதாவது கணக்குக்காக இடத்தைச் சிறு கட்டங்களாக வெட்டுவதில். மணலையும் காற்றையும் இரண்டு பாய்மங்களாகக் கொள்ளும் முறையில், கட்டத்தின் அளவு துகள் விட்டத்தைப் போல் 10 மடங்குக்குள் இருப்பது நல்லது. அரை மி.மீ. மணலுக்கு 5 மி.மீ. கட்டம். பாய்லர் 2 மீட்டருக்கு 2 மீட்டர், படுகையும் அதன் மேல்வெளியும் சேர்த்து உயரம் 1 மீட்டர் என்றால் 3 கோடியே 20 லட்சம் கட்டங்கள்! மலைத்துப்போய் 5 செ.மீ. கட்டம் போட்டால் 32,000-இல் முடிந்துவிடும். ஆனால் கட்டத்துக்குள் மணல் கொத்துக்கொத்தாகச் சேர்வதும், காற்று அதைச் சுற்றி நழுவுவதும் மறைந்துபோகும். மணல் சீராகப் பரவியிருப்பதாகவே சூத்திரம் எடுத்துக்கொள்வதால் இழுவிசை (காற்று மணலை இழுத்துச் செல்லும் விசை) கூடி, படுகை தேவைக்கு மேல் பொங்கும். ஒன்றிரண்டு காற்று நாசிலைச் சுற்றிய சிறு பகுதியை மட்டும் நுணுக்கமாக ஓட்டுங்கள். முழு பாய்லரும் வேண்டுமென்றால் கரடான கட்டத்துக்கென்றே திருத்திய இழுவிசைச் சூத்திரத்தைப் போடுங்கள்.

துகள் துகளாகப் பின்தொடரும் முறையில் தவறு நேரெதிர். அங்கே கட்டம் துகள் விட்டத்தைப் போல் 3 மடங்காவது இருக்க வேண்டும்; குறைந்தால் துகள்களுக்கிடையேயான இடைவெளிக் கணக்கு தாறுமாறாகக் குதிக்கும். துகள்கள் மோதும்போது தள்ளிவிடுகிற கற்பனை ஸ்பிரிங்கை இளக்கி வேகமாக ஓட்டலாம், துகள்கள் ஒன்றுக்குள் ஒன்று விட்டத்தில் 1 சதவீதத்துக்கு மேல் புகாதவரை. ஒரு மோதல் நடக்கிற நேரத்துக்குள் 20 டைம் ஸ்டெப்பாவது (கணினி கணக்கிடும் நேரத் துண்டு) இருக்க வேண்டும். மேலே சொன்ன அரை மீட்டர் உயரப் படுகையில் 1,700 கோடிக்கும் மேல் துகள்கள் இருப்பதால், முழுதாக இந்த முறையில் ஓட்டவே நினைக்காதீர்கள்.

காற்றின் குணங்களை அறை வெப்பத்தில் விட்டுவிடுவது இன்னொரு தவறு. 850 டிகிரி செல்சியஸில் காற்றின் பாகுநிலை 2.4 மடங்காகிறது, அடர்த்தி கால்பங்கை ஒட்டி இறங்குகிறது. அதே கிலோ காற்று 3.7 மடங்கு வேகத்தில் பாயும்.

சிமுலேஷன் முடிவுகளுக்குச் சராசரி எடுக்கும்போது முதல் 5 விநாடியைத் தள்ளிவிடுங்கள். அடுத்த 20 விநாடியை இரண்டாகப் பிரித்து, இரு பாதியின் சராசரியையும் ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் இன்னும் ஓட்ட வேண்டும்.