லைவ்-பில்ட்ல சொந்தமா லினக்ஸ் ஐஎஸ்ஓ பண்றவங்க மாட்டிக்கிற இடங்கள்

டெபியன் லினக்ஸோட லைவ்-பில்ட்ங்கற கருவிய வச்சு, பென்டிரைவ்லயே பூட் ஆகற மாதிரி சொந்தமா ஒரு ஐஎஸ்ஓ ஃபைல் பண்ணலாம்னு உக்காருவீங்க, அதோட எல்பி பில்ட் (lb build) கமாண்ட கொடுப்பீங்க, அரை மணி நேரம் ஸ்க்ரீன் மேல ஓடிட்டே இருக்கும், கடைசில "எதிர்பாராத தவறு, வெளியேறுகிறேன்"ங்கற மாதிரி ஆங்கிலத்துல ஒரு வரி போட்டுட்டு நின்னுரும். எல்லாரும் பண்ற முதல் தப்பு, அந்த வரிய அப்படியே கூகுள்ல தேடறது. அது எது உடைஞ்சாலும் வர்ற வரி, அதுல ஒண்ணும் இல்ல. உண்மையான காரணம் அதுக்கு மேல எங்கேயோ இருக்கும், சில சமயம் அம்பது வரி, சில சமயம் ஐநூறு வரி. அதனால எப்பவுமே டீ (tee) கமாண்ட் போட்டு மொத்த அவுட்புட்டையும் ஒரு லாக் ஃபைல்ல சேத்து வைங்க, அப்புறம் அதுல பெரிய ஈ எழுத்தும் கோலனும் (E:) வச்சு ஆரம்பிக்கிற வரிகள்ல முதல்ல வர்றத பாருங்க, கடைசில வர்றத இல்ல.

நான் ஒரு தடவ டெபியன் 11க்கு எழுதின பேக்கேஜ் லிஸ்ட்ட அப்படியே 12க்கு காப்பி பண்ணிட்டேன். அதுல பைதான்2 இருந்துச்சு, 12ல அது கிடையாது. நூத்து இருபது பேக்கேஜ்ல ஒண்ணு இல்லன்னா கூட பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற ஏபிடி (apt) மொத்தத்தையும் நிறுத்திரும். நான் என்னமோ மிரர் (பேக்கேஜ் டவுன்லோட் ஆகற சர்வர்) சரியில்லன்னு நெனச்சு மூணு மிரர் மாத்திப் பாத்தேன், லாக்ல தெளிவா பேர் போட்டு இல்லன்னு சொல்லியிருக்கு, நாந்தான் படிக்கல.

சரி, திருத்திட்டீங்க, திரும்ப எல்பி பில்ட் கொடுக்கறீங்க, மாத்தினது எதுவுமே வரலயா? எல்பி க்ளீன் பண்ண மறந்திருப்பீங்க. எந்தெந்த கட்டம் முடிஞ்சுதுன்னு லைவ்-பில்ட் குறிச்சு வச்சுக்கும், முடிஞ்சதா குறிச்சிருந்தா "ஏற்கனவே முடிஞ்சுது"ன்னு தாண்டிப் போயிரும். வெறும் க்ளீன் போட்டா கேஷ் அப்படியே இருக்கும், டவுன்லோட் பண்ணது வீணாகாது. கூட பர்ஜ் (--purge) சேத்துப் போட்டா கேஷும் போயிரும். சும்மா சும்மா பர்ஜ் போடாதீங்க, டேட்டாதான் தீரும். ஆனா பேஸ் ரிலீஸையே மாத்தினீங்கன்னா பர்ஜ் போட்டே ஆகணும், இல்லன்னா பழசும் புதுசும் கலந்து கந்தலாயிரும்.

ஆனா க்ளீன் பண்றதுக்கு சோம்பேறித்தனப்பட்டு க்ரூட் (chroot) ஃபோல்டர, அதாவது புது சிஸ்டம் உருவாகற ஃபோல்டர, கையால ஆர்எம் (rm) போட்டு அழிக்காதீங்க!! பாதில கன்ட்ரோல்-சி அடிச்சிருந்தா ப்ராக் (/proc), சிஸ் (/sys) எல்லாம் உள்ள மவுன்ட் ஆகியே கிடக்கலாம். கையால க்ரூட் பண்றவங்க மெஷினோட டெவ் (/dev) ஃபோல்டர பைண்ட் மவுன்ட் பண்ணியிருப்பாங்க, அதாவது அதே ஃபோல்டர் உள்ளயும் தெரியற மாதிரி இணைச்சிருப்பாங்க, அழிச்சா உங்க மெஷினோட டெவ்வே காலி. அதாவது ரீபூட் பண்ணா வந்துரும், ஹோம் ஃபோல்டர பைண்ட் பண்ணி வச்சிருந்தா அது வராது. ஃபைண்ட்மவுன்ட் (findmnt) கொடுத்து எதெது மவுன்ட் ஆகியிருக்குன்னு பாத்துட்டு அப்புறம் கை வைங்க.

எங்க வச்சு பில்ட் பண்றீங்கங்கறதும் முக்கியம். எக்ஸ்டர்னல் டிஸ்க்க சொருகினா டெஸ்க்டாப் தானாவே நோடெவ் (டிவைஸ் ஃபைல்கள் வேலை செய்யாத ஆப்ஷன்) போட்டுத்தான் மவுன்ட் பண்ணும், அடிப்படை சிஸ்டத்த போடற டீபூட்ஸ்ட்ராப் அங்க வேலையே செய்யாது. உபுன்டுல உக்காந்து டெபியன் பண்றவங்களுக்கு இன்னொரு தலவலி, உபுன்டு வச்சிருக்கற லைவ்-பில்ட் ரொம்ப முன்னாடியே பிரிஞ்சு போன பழைய 3.0 ஆல்ஃபா. டெபியன் விஎம் (வர்ச்சுவல் மெஷின்) ஒண்ணு போட்டு அதுக்குள்ள பண்ணுங்க, நிம்மதி.

வைஃபை வரலன்னு கேக்கறவங்க லைவ்-பில்ட் செட்டிங்ஸ்ல ஆர்கைவ் ஏரியாங்கற இடத்துல நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் (non-free-firmware) இருக்கான்னு பாருங்க, 2023ல வந்த 12ல இருந்து அது தனியா போயிருச்சு, பழைய நான்-ஃப்ரீ மட்டும் போட்டா பத்தாது. அப்புறம் பேக்கேஜ் லிஸ்ட் ஃபைல் பேர் டாட் லிஸ்ட் டாட் க்ரூட்னு (.list.chroot) முடியணும், டாட் டிஎக்ஸ்டினு வச்சா சத்தமே இல்லாம விட்டுட்டுப் போயிரும், எரர் கூட வராது.

கடைசில டெஸ்ட். க்யூஎம்யூங்கற (QEMU) வர்ச்சுவல் மெஷின்ல சிடியா மட்டும் போட்டு பூட் ஆச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, அது பழைய பயாஸ் வழி. ஓவிஎம்எஃப்ங்கற (OVMF) ஃபர்ம்வேர் போட்டு புது கம்ப்யூட்டர்கள்ல இருக்கற யூஇஎஃப்ஐ (UEFI) வழிலயும் பாருங்க, ஐஎஸ்ஓவ டிஸ்க்கா கொடுத்தும் பாருங்க. பென்டிரைவ்ல டிடி (dd) கமாண்ட் வச்சு எழுதறப்ப எல்எஸ்பிஎல்கே (lsblk) கொடுத்து டிரைவ் பேர பாத்துட்டு மொத்த டிரைவுக்கு எழுதணும், எஸ்டிபி1க்கு (sdb1, அது ஒரு பார்ட்டிஷன் மட்டும்) எழுதிட்டு பூட் ஆகலன்னு பில்ட்ட திட்டாதீங்க, எழுத வேண்டியது வெறும் எஸ்டிபிக்கு (sdb).