28 வேளை, 84 மாத்திரை: அம்மாவுக்கு கேபசிடபின் கொடுத்த கணக்கு

அம்மாவுக்குப் பெருங்குடலில் கட்டி. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து கீமோ தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் ஆக்ஸாலிபிளாட்டின் டிரிப், அன்று இரவிலிருந்து வீட்டில் கேபசிடபின் மாத்திரை. "டிரிப்பை நாங்க பாத்துக்கறோம், மாத்திரை உங்க பொறுப்பு" என்று நர்ஸ் சொன்னபோது எனக்கு அது பெரிய வேலையாகத் தெரியவில்லை. அம்மா பதினைந்து வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், இதுவும் மாத்திரைதானே என்று நினைத்தேன்.

அந்தப் பழக்கம்தான் எங்களுக்கு வினையானது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை உள்ள வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடமான விதி, நிறுத்தக்கூடாது என்பது. கேபசிடபினில் எப்போது நிறுத்துவது என்றும் தெரிந்திருக்க வேண்டும். அதை நாங்கள் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டோம்.

முதலில் கணக்கு. நான் கரூரில் ஒரு துணிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன், எதையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். இந்த மருந்தின் அளவை நோயாளியின் உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிறார்கள். அம்மாவுக்கு ஒரு வேளைக்கு 1500 மில்லிகிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை மூன்று. காலையும் இரவும் 14 நாள், அப்புறம் 7 நாள் ஓய்வு; இந்த மூன்று வாரம் ஒரு சுற்று. டிரிப் போட்ட இரவு தொடங்கினால் 15-ஆம் நாள் காலையோடு முடிகிறது. ஆக 28 வேளை, 84 மாத்திரை. உங்கள் வீட்டு எண்ணிக்கை வேறாக இருக்கும். பக்கத்து பெட்காரருடைய சீட்டைப் பார்த்து ஒப்பிட வேண்டாம்.

மருந்துக் கடையில் பத்து பத்தாக ஒன்பது அட்டை கொடுத்தார்கள். 84 போக ஆறு மாத்திரை மிச்சம். "அட்டை தீரலையே கண்ணு" என்று அம்மா 15-ஆம் நாள் இரவும் கையை நீட்டினார். ஓய்வு வாரத்தில் ரத்த அணுக்களும் குடலும் தேறி வர வேண்டும். அந்த நாளில் மாத்திரை போனால் அடுத்த சுற்றே தள்ளிப்போகலாம். அன்றிலிருந்து சுற்றுத் தொடங்கும்போதே 84-ஐ எண்ணித் தனி டப்பாவில் போட்டேன். மிச்சத்தை உறையில் வைத்து ஒட்டி பீரோவுக்குள் வைத்துவிடுவேன். தினசரி காலண்டரில் கடைசி வேளை வரும் தாளில் சிவப்பில் 'முடிந்தது' என்று முன்கூட்டியே எழுதிவிடுவேன். வேளையை விட்டுவிட்டால் அடுத்த வேளையில் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. விழுங்கியபின் வாந்தி எடுத்தாலும் மறுபடி கொடுக்கக் கூடாது. விட்ட வேளைக்கு டப்பாவில் மூன்று மிஞ்சும், மிஞ்சட்டும். நோட்டில் ஒரு வரி எழுதி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டினால் போதும்.

சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள், தண்ணீரோடு முழுசாக விழுங்க வேண்டும். இரண்டு வேளைக்கும் இடையில் சுமார் 12 மணி நேரம். எங்கள் வீட்டில் காலை எட்டு, இரவு எட்டு. இரண்டாம் சுற்று கந்த சஷ்டியில் வந்து விழுந்தது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் என்பது அம்மாவின் நாற்பது வருட வழக்கம். டாக்டர் மறுத்துவிட்டார். கடைசியில் வேளைக்கு இரண்டு இட்லி என்று முருகனோடு அம்மாவே பேசி முடித்துக்கொண்டார்.

மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்கக் கஷ்டமென்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், உரலைத் தேடாதீர்கள். நான் கையுறை போட்டுக்கொண்டு டப்பா மூடியில் தட்டி, மூடியை அம்மாவிடம் கொடுப்பேன். அப்புறம் இருவரும் சோப்பு போட்டுக் கை கழுவுவோம். தங்கை அப்போது ஐந்து மாத கர்ப்பம். "நான் குடுக்கறேன்" என்று வந்தவளைத் தொடவே விடவில்லை. வாந்தி பட்ட துணியைக் கையுறையோடு எடுத்துத் தனியாக அலசினோம். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர். டப்பாவை வீட்டின் மற்ற மாத்திரைகளோடு பிஸ்கட் டின்னில் போடவில்லை, ஃபிரிட்ஜில் வைக்கவில்லை, அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியிலும் வைக்கவில்லை.

இனி அந்த இரண்டாம் சுற்று. பத்தாம் நாள் அம்மா அடிக்கடி பின்பக்கம் போய் வந்தார். கேட்டதற்கு "சும்மா, செடிக்குத் தண்ணி" என்றார். இரண்டு நாள் கழித்துத்தான் உண்மை வந்தது: பகலில் ஆறு தடவை, ராத்திரி இரண்டு தடவை வயிற்றுப்போக்கு. "சொன்னா மாத்திரைய நிறுத்திருவாங்க, நோவு திரும்பிக்கும்." அந்த இரண்டு நாளும் வேளை தவறாமல் மூன்று மூன்றாக விழுங்கியிருக்கிறார். நாக்கு வறண்டு, எழுந்தால் தலை சுற்றி, ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியது.

டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை, அளவைச் சொன்னார். வழக்கத்தைவிட ஒரு நாளில் நான்கு தடவை அதிகம் போனாலோ, ராத்திரியில் எழுந்து போக நேர்ந்தாலோ, அடுத்த வேளையைப் போடாமல் உடனே போன் செய்ய வேண்டும். வாய்ப்புண்ணால் சாப்பிட முடியாவிட்டாலும், வாந்தி நிற்காவிட்டாலும் அதேதான். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்; சிலருக்கு இந்த மருந்து இதய ரத்தக் குழாயைச் சுருங்க வைக்கும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அட்டையை எடுத்துப்போய்க் காட்டுங்கள். மருந்தைச் சிதைக்கும் நொதி உடம்பில் குறைவாக உள்ள சிலருக்கு முதல் சுற்றிலேயே பாதிப்பு கடுமையாக இருக்கும். அதற்கு ரத்தப் பரிசோதனை உண்டு, தொடங்கும் முன்பே கேட்டுவிடலாம்.

அப்படி நிறுத்திய வேளைகளைப் பின்னால் ஈடுகட்டுவதில்லை. அம்மாவுக்கு அதுதான் ஜீரணிக்க முடியாத சங்கதி. மிஞ்சிய மாத்திரையெல்லாம் அவர் கண்ணுக்குக் கடனாகத் தெரிந்தது. அடுத்த சுற்றில் டாக்டரே அளவைக் குறைத்தார், காலை மூன்று, இரவு இரண்டு. "பாத்தியா, கொறச்சுட்டாங்க" என்று ஒரு வாரம் முகம் வாடிக் கிடந்தார். தாங்கும் அளவுக்கு மருந்தை இறக்குவதும் வைத்தியத்தில் சேர்ந்தது என்று டாக்டர் விளக்கியும், அந்தச் சுற்று வயிறு கெடாமல் முடிந்த பிறகுதான் நம்பினார்.

அந்தச் சமயத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. சோர்வுக்கு நல்லதென்று எதிர்வீட்டு அக்கா கொடுத்த சத்து மாத்திரையையும் அம்மா சாப்பிட்டிருக்கிறார். அட்டையின் பின்னால் ஃபோலிக் ஆசிட் என்று இருந்தது. ஃபோலிக் ஆசிட் இந்த மருந்தின் பக்கவிளைவைக் கூட்டக்கூடியது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களும், வலிப்புக்கு ஃபெனிடாயின் சாப்பிடுகிறவர்களும் முதல் நாளே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களும் அப்படியே. லேகியம், கஷாயம், டானிக் எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு டாக்டர் மேசையில் கொட்டிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, எங்கள் பையில் ஏழு இருந்தன.

மூன்றாம் சுற்றில் உள்ளங்கை சிவந்து, பிறகு கறுத்து, எரிந்தது. பாதமும்தான். கேபசிடபினில் இது சகஜம். யூரியா கலந்த கிரீமைக் காலையும் இரவும் பூசினோம். சூடான பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவது, நார் வைத்து அழுத்தித் தேய்ப்பது, வெந்நீரில் கால் வைப்பது, இறுக்கமான செருப்பு எல்லாம் நின்றன. மத்தியான வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றுவதை நிறுத்தத்தான் சண்டை போட வேண்டியிருந்தது. மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைக் கையில் பூசினால் இந்த எரிச்சல் வருவது குறைகிறது என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வு ஒன்று 2024-இல் வெளியானது. எங்கள் டாக்டர் சரி என்ற பிறகு அதையும் பூசினோம். தோல் வெடித்திருந்தால் பூசக் கூடாது. கொப்புளம் வந்தாலோ, சட்டைப் பொத்தானைப் போட முடியாத அளவுக்கு வலித்தாலோ, அதுவும் மாத்திரையை நிறுத்திப் போன் செய்ய வேண்டிய கட்டம்தான்.

யாரும் எங்களிடம் முன்னமே சொல்லாதது கைரேகை. ஐந்தாம் சுற்றின்போது ரேஷன் கடை மெஷின் அம்மாவின் பத்து விரலையும் ஏற்கவில்லை. விரல் நுனி வழவழவென்று இருந்தது. இதே மருந்தால் ரேகை அழிந்துபோன சிங்கப்பூர்க்காரர் ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2009-இல் அதை மருத்துவ இதழிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆகவே பென்ஷனுக்கோ பத்திரப் பதிவுக்கோ ரேகை வைக்கும் வேலை இருந்தால் முதல் சுற்றுக்கு முன்பே முடித்துவிடுங்கள், டாக்டரிடம் ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரேஷனுக்குக் கார்டில் பெயருள்ள வேறு யாராவது போகலாம். எங்கள் வீட்டில் நான் போனேன்.

கடைசிச் சுற்று முடிந்ததும் மிச்ச மாத்திரைகளைக் குப்பையிலோ சாக்கடையிலோ போடாமல், உறையோடு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் திருப்பிக் கொடுத்தேன். சில மாதம் கழித்து அம்மா தானே ரேஷன் கடைக்குப் போய் வந்தார். பையை இறக்கி வைக்கும் முன்பே கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், மெஷின் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டதாம். துவரம்பருப்பு வரவில்லை என்பதை அப்புறம்தான் சொன்னார்.