ஃபைனல் ஃபேண்டஸி 14: ஒரே கேரக்டரில் இரண்டாவது ரோல்

இந்த ஆன்லைன் கேமில் எதிரியின் அடியைத் தாங்கும் டேங்குக்கு ஒன்று, மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலருக்கு ஒன்று என்று தனித்தனி கேரக்டர் வேண்டாம். கையில் இருக்கும் ஆயுதத்தை மாற்றினால் ஜாபும், அதாவது சண்டை வகையும் மாறிவிடும். முதல் கிளாஸின் (ஜாபுக்கு முந்தைய தொடக்க நிலை) லெவல் 10 குவெஸ்ட்டை முடித்ததும், மற்ற கிளாஸ்களைத் தரும் கில்டுகளிலும் சேரலாம். உடனே எல்லாவற்றிலும் சேர்ந்து ஏழெட்டு ஜாபை லெவல் 15-இல் நிறுத்தி வைப்பவர்கள்தான் அதிகம். மெயின் ஸ்டோரி தரும் எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி) ஒரு ஜாபுக்குத் தாராளம். இரண்டுக்குப் பிரித்தால் லெவல் போதாமல் கதை பாதியில் நிற்கும். ஸ்டோரி முழுக்க ஒரே ஜாபில் போகட்டும்.

இரண்டாவது ஜாபுக்கு டெய்லி ரூலெட் (குலுக்கலில் விழும் டஞ்சன் போன்றவற்றைக் குழுவாக முடிப்பது) போதும். ஒவ்வொரு ரூலெட்டின் போனஸும் கேரக்டருக்கு நாளுக்கு ஒரு முறைதான், ஜாபுக்கு ஒன்று என்று கிடையாது. அதனால் எந்த ஜாபில் நுழைகிறோம் என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். போனஸ் மீண்டும் கிடைக்கும் ரீசெட் நம் நேரம் இரவு 8.30. உங்கள் உச்ச லெவல் ஜாபுக்குக் கீழே இருக்கும் ஜாப்களுக்குக் கூடுதல் எக்ஸ்பியும் உண்டு.

எதை எடுப்பது? செலவு குறைய வேண்டுமென்றால் அதே ரோலில் இன்னொன்று. நான்கு டேங்குகளுக்கும் கவசம், நகை எல்லாம் பொது. ஆயுதம் மட்டும் தனி. ஹீலர்களுக்கும் அப்படியே. ரோலையே மாற்ற நினைத்தால் ஆர்க்கனிஸ்ட் கிளாஸ்தான் நல்ல வழி. லெவல் 30-இல் சம்மனர் (எதிரியை அடிக்கும் டிபிஎஸ் ரோல்), ஸ்காலர் (ஹீலர்) இரண்டும் இதிலிருந்தே திறக்கும், லெவலும் பொது. ஆனால் கியர் (கவசம், நகை) பொது இல்லை: சம்மனருக்கு இன்டெலிஜென்ஸ் கூட்டும் கியர், ஸ்காலருக்கு மைண்ட் கூட்டும் கியர். இரண்டு ஜாபின் குவெஸ்ட்களையும் தனித்தனியே முடிக்காவிட்டால் சில ஸ்கில்கள் வராது. சம்மனராகவே லெவல் 80 தொட்டுவிட்டு, அதுவரை ஒருமுறைகூட ஹீல் செய்யாமல் ஸ்காலராக லெவல் 80 டஞ்சனில் நுழைவது பார்ட்டிக்குச் செய்யும் பாவம். லெவல் 30 டஞ்சன்களிலிருந்தே ஸ்காலராகப் பழகி வாருங்கள்.

கியர் செட்டை சேவ் செய்யும்போது சோல் கிரிஸ்டல் (கிளாஸை ஜாபாக மாற்றும் கல்) அதன் கட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் சேவ் செய்தால் ஸ்காலர் வெறும் ஆர்க்கனிஸ்ட் ஆகி, டிபிஎஸ் வரிசையில் நிற்பார். டஞ்சனுக்குள் போனபின் ஜாப் மாற்ற முடியாது. உள்ளே விழும் கியருக்கு "நீட்" (எனக்குத் தேவை) போடுவதும் அப்போதைய ஜாபுக்கு மட்டும்தான், மற்றதற்கு "கிரீட்" (கிடைத்தால் சரி).

ஸ்கில் பட்டன்கள் இருக்கும் ஹாட்பார் ஜாபுக்கு ஜாப் தனி. ராம்பார்ட், ப்ரவோக், ரிப்ரைசல் மாதிரி டேங்குகளுக்குப் பொதுவான ஸ்கில்களை எல்லா டேங்கிலும் ஒரே கீயில் வையுங்கள். எதிரியின் கவனத்தைத் தன் பக்கம் இழுக்கும் டேங்க் ஸ்டான்ஸுக்கும் ஒரே கீ. ஜாப் மாறினால் ஸ்டான்ஸ் அணைந்துவிடும், நுழைந்ததும் முதலில் அதைப் போடுங்கள்.

லெவல் 80-இல் ஒரு ஜாப் இருந்தால் வைப்பர், பிக்டோமான்சர் இரண்டும் நேராக 80-இலிருந்தே தொடங்கும். ரீப்பர், சேஜ் என்றால் 70. அடியிலிருந்து ஏற்றப் பொறுமை இல்லாதவர்கள் இவற்றில் ஒன்றை எடுக்கலாம். ஒரே நாளில் பத்துப் பதினைந்து ஸ்கில் கைக்கு வரும் என்பதால், டஞ்சனுக்கு முன் பயிற்சி பொம்மையில் அடித்துப் பார்த்துவிடுங்கள்.