பச்சை ஒளிர்பொடி: உலைக்குள் நிறத்தைத் தீர்மானிப்பது எது?

அவசர வழிப் பலகைகளில் விளக்கு அணைந்த பிறகும் மணிக்கணக்கில் பச்சையாக ஒளிர்வது பெரும்பாலும் ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் என்ற அருமண் உலோகங்கள் சிறிதளவு சேர்ந்த இந்தப் பொடியை 1990களில் ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் உருவாக்கியது. இதே கலவையைக் காற்றில் சுட்டால் புற ஊதா விளக்கின் கீழ் சிவப்பாக ஒளிரும். இருட்டில் நின்றெரியும் பச்சை கிடைக்காது. எத்தனை டிகிரியில் சுடுகிறோம் என்பதைப் போலவே உலைக்குள் என்ன வாயு இருக்கிறது என்பதும் முக்கியம்.

காரணம் யூரோப்பியத்தின் மின்சுமை. ஆக்சைடாக நாம் போடுவது மூன்று நேர்மின்சுமை கொண்டது. அதன் ஒளி 4எஃப் என்ற உட்கூட்டு எலக்ட்ரான்களுக்குள்ளேயே பிறக்கிறது. வெளிக்கூடு அவற்றை மறைத்து நிற்பதால், எந்தப் படிகத்தில் இருந்தாலும் 612 நானோமீட்டரை ஒட்டிய கூரிய சிவப்புதான். ஒடுக்கி, அதாவது ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து, இரண்டு மின்சுமைக்குக் கொண்டுவந்தால் 4எஃபுக்கு வெளியே பரவும் 5டி எலக்ட்ரான் ஒளியில் பங்கேற்கும். அதைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்கள் நேரடியாகத் தொடுவதால் இந்தப் படிகத்தில் 520 நானோமீட்டரில் அகன்ற பச்சை வருகிறது.

சுமார் 10 கிராம் பொடிக்கு வேண்டியவை: ஸ்ட்ரான்ஷியம் கார்பனேட் 7.160 கிராம், அலுமினா 5.098 கிராம், யூரோப்பியம் ஆக்சைடு 0.088 கிராம், டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு 0.187 கிராம், உருகி வினையை எளிதாக்கும் இளக்கியாக போரிக் அமிலம் 0.31 கிராம். அருமண் ஆக்சைடுகள் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உறிஞ்சி வைத்திருக்கும். எனவே அவற்றை மட்டும் முதலில் 900 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் சுட்டு, ஆறியவுடன் எடை போடுங்கள். இதைத் தவிர்த்தால் தராசு காட்டும் நான்காம் தசமத்துக்குப் பொருளே இல்லை.

எல்லாவற்றையும் அகேட் கல்வத்தில் எத்தனால் விட்டு 45 நிமிடம் அரைத்து உலர்த்துங்கள். சூடு தாங்கும் கிண்ணமான அலுமினா மூசையில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். முதலில் காற்றில் 900 டிகிரியில் 2 மணி நேரம் சுடுங்கள். போரிக் அமிலத்தின் நீர் இந்தச் சூட்டில் போய்விடும். கார்பனேட்டும் சிதையத் தொடங்கும். ஆறியதும் மறுபடி அரையுங்கள்.

அடுத்தது முக்கியமான சூடு. குழாய் உலையில் 95 சதவீதம் நைட்ரஜன், 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த வாயுவை அரை மணி நேரம் ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் 1300 வரை ஏற்றி 4 மணி நேரம் வைத்திருங்கள். வெளிவரும் வாயு புகைப்போக்கி வழியாகக் கட்டிடத்துக்கு வெளியே போக வேண்டும். வாயு வசதி இல்லையென்றால், மூடிய சிறு மூசையைப் பெரிய மூசைக்குள் வைத்து, இடைவெளியில் மரக்கரித் துண்டுகளை நிரப்பி மூடலாம். இதில் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் இந்த முறையைத் தொடவே கூடாது.

பலர் தவறவிடுவது ஆறும் கட்டத்தை. 700, 800 டிகிரியில் வாயுவை நிறுத்தினால் பாடுபட்டு ஒடுக்கிய யூரோப்பியம் மேற்பரப்பில் மீண்டும் ஆக்சிஜனேறும். 200 டிகிரிக்குக் கீழ் வரும்வரை வாயு ஓடட்டும்.

கட்டியை உடைத்து 254 நானோமீட்டர் விளக்கில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து பாருங்கள். உள்ளே பச்சையும் தோலில் இளஞ்சிவப்பும் தெரிந்தால் ஆறும்போது காற்று புகுந்திருக்கிறது. மேலே பச்சை, அடியில் சிவப்பு என்றால் பொடி அடர்ந்து கிடந்ததால் வாயு அடிவரை இறங்கவில்லை. பச்சை நீலத்தை நோக்கிச் சாய்ந்தால் ஸ்ட்ரான்ஷியம் குறைந்திருக்கலாம், அல்லது போரிக் அமிலம் கூடியிருக்கலாம். 490 நானோமீட்டரில் ஒளிரும் வேறொரு அலுமினேட் உடன் விளைந்திருக்கும். சாம்பல் நிறம் கரியிலிருந்து வந்த அழுக்கு. அதைப் போக்கக் காற்றில் சுட்டால் பச்சையும் சேர்ந்து போய்விடும்.

வெப்பம் போதாமல் 1100 டிகிரியோடு நிறுத்தினால் வேறு அலுமினேட்டுகள் எஞ்சி ஒளி மங்கும். இளக்கியை அள்ளிப் போட்டால் பொடி கல்லாக இறுகும். அதை ஓங்கி இடித்துத் தூளாக்கும்போது படிகங்களின் மேற்பரப்பு சிதைந்து, அங்கே ஒளியாக வேண்டிய ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. எனவே மெதுவாக நொறுக்கிச் சலியுங்கள். அப்படியும் மங்கினால் அதே ஒடுக்கும் வாயுவில் 900 டிகிரியில் ஒரு மணி நேரம் மறுசூடு கொடுத்துப் பார்க்கலாம். தண்ணீரில் கழுவாதீர்கள், ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட் நீரில் சிதையும். எத்தனால் போதும்.

நின்றெரியும் திறனை ஒப்பிட, மாதிரிகளை ஓர் இரவு இருட்டில் வைத்து, 1000 லக்ஸ் ஒளியில் 5 நிமிடம் காட்டி, 10ஆம் நிமிடத்திலும் 60ஆம் நிமிடத்திலும் அளவெடுங்கள். அறை வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டிஸ்ப்ரோசியம் சேர்ப்பதால் படிகத்தில் ஆழமாகும் பொறிகளிலிருந்து, அதாவது மின்சுமைகள் சிக்கிக்கொள்ளும் இடங்களிலிருந்து, மின்சுமைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிப்பது அந்த அறைச் சூடுதான். வெயில் நேரத்தில் அளந்த மாதிரி முதலில் கூடுதலாக ஒளிர்ந்து சீக்கிரம் மங்கும். ஏசி அறையில் அளந்ததோடு அதை ஒப்பிட முடியாது.