புது நன்னீர் டயாட்டமா? அதோட சிலிக்கா ஓடு பத்தி எப்படி எழுதுறதுன்னு ஒரு வழிகாட்டி

டயாட்டம்ங்கிறது சிலிக்கா ஓட்டுக்குள்ள வாழுற ஒரு செல் பாசி. ஸ்லைடுல இருக்கிறதுலயே அழகா, உடையாம, நேரா படுத்திருக்கிற ஒரே ஒரு வால்வ, அதாவது ஓட்டோட ஒரு பாதிய, புடிச்சு, அதுக்கு நாலு எஸ்இஎம் (ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படம் எடுத்து, அத மட்டும் வரிவரியா விவரிச்சு புது ஸ்பீஷீஸ்னு (புது இனம்னு) பேப்பர் அனுப்பிடுறாங்க. முக்காவாசி பிரச்சனை இங்கதான் ஆரம்பிக்குது. நீங்க விவரிக்க வேண்டியது ஒரு வால்வ இல்ல, அந்த பாப்புலேஷன. கீழ சொல்ற எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

ஏன்னு கேட்டா, டயாட்டத்தோட ஓடு டப்பாவும் மூடியும் மாதிரி ரெண்டு பாதி. ஒவ்வொரு பாதியும் ஒரு வால்வ், நடுவுல சுத்தி கர்டில் பேண்ட்ங்கிற பட்டை, எல்லாம் சேந்தா ஃப்ரஸ்ட்யூல். செல் பிரியும்போது ரெண்டு குட்டி செல்லும் ஆளுக்கு ஒரு பழைய பாதிய எடுத்துக்கும், ஆனா புதுசா செய்யுற பாதி எப்பவும் உள்பக்கமாத்தான் உருவாகும், அதனால ஒரு வம்சம் தலைமுறைக்கு தலைமுறை சின்னதாகிட்டே போகும். 1869லயே மேக்டொனால்டும் ஃபிட்சரும் தனித்தனியா இத சொல்லிட்டாங்க. ஆக்ஸோஸ்போர், அதாவது பெரும்பாலும் இனச்சேர்க்கைக்கு அப்புறம் ஓட்ட விட்டு வெளிய வந்து பெருசாகுற செல், வந்தாத்தான் திரும்ப பழைய சைஸ். இதுல சிக்கல் என்னன்னா நீளம் குறையுற வேகத்துக்கு அகலம் குறையாது, அதனால உருவமே மாறிடும். பெரிய செல் ஒல்லியா லேன்சியோலேட்டா (ஈட்டி முனை மாதிரி) இருக்கும், அதே ஸ்பீஷீஸோட குட்டி செல் குண்டா எலிப்டிக்கா நிக்கும், நுனில உருண்டையா இருந்த கேபிடேட் தலை கூட மழுங்கிப் போயிருக்கும். ரெண்டையும் பக்கத்துல வச்சு பாக்காதவங்க ரெண்டு ஸ்பீஷீஸ்னு எழுதிடுவாங்க, அப்படி எழுதப்பட்ட பேரு பழைய லிட்டரேச்சர்ல நிறையவே இருக்கு.

சரி, வேலைக்கு வருவோம். சாம்பிள ஆசிட்ல போடுறதுக்கு முன்னாடி உயிரோட இருக்கும்போதே ஒரு தடவ மைக்ரோஸ்கோப்ல பாத்துடுங்க. குளோரோபிளாஸ்ட் எத்தன, எந்த வடிவம், செல் தனியா இருக்கா சங்கிலியா இருக்கா, பிசின் காம்புல நிக்குதா, இதெல்லாம் கிளீன் பண்ணதுக்கு அப்புறம் திரும்ப கிடைக்காது. நிறைய பேர் இந்த ஸ்டெப்ப தாண்டிப் போயிடுறாங்க, அப்புறம் பேப்பர்ல "குளோரோபிளாஸ்ட் பார்க்கப்படவில்லை"ன்னு ஒரு வரி.

கிளீனிங்க்கு ஹைட்ரஜன் பெராக்சைடு இல்லேன்னா நைட்ரிக் ஆசிட். சுண்ணாம்பு கலந்த சாம்பிள்னா முதல்ல நீர்த்த ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கொஞ்சம் விட்டு, பொங்குறது நின்னதும் தண்ணில கழுவிட்டு அப்புறம்தான் மத்தது. சூடான பெராக்சைடு ஆர்கானிக் பொருளோட சேந்தா சட்டுனு பொங்கி வெளிய வரும், அதனால பெரிய பீக்கர், கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறது, ஃப்யூம் ஹுட், கிளவுஸ், கண்ணாடி எல்லாம் வேணும், இதுல விளையாட்டு வேணாம். அப்புறம் டிஸ்டில்ட் வாட்டர்ல நியூட்ரல் ஆகுற வரைக்கும் கழுவணும். அவசரத்துல சென்ட்ரிஃப்யூஜ வேகமா ஓட்டினா நீளமான மெல்லிசான ஓடெல்லாம் உடஞ்சிடும். ராத்திரி முழுக்க அடில படிய விட்டு மேல் தண்ணிய மெதுவா எடுக்கிறது சோம்பேறி வழி மாதிரி தெரியும், ஆனா அதுதான் நல்ல வழி.

ஸ்லைடு போடும்போது மறக்கக் கூடாதது மவுண்டிங் மீடியம். சிலிக்காவோட ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் தண்ணிய விட ரொம்ப ஒண்ணும் கூட இல்ல, கண்ணாடிக்கும் பக்கத்துலதான் இருக்கு, அதனால சாதாரண மீடியத்துல போட்டா ஓடு கண்ணுக்கே தெரியாம கரஞ்சு போன மாதிரி இருக்கும். 1.7க்கு மேல இண்டெக்ஸ் இருக்கிற நாஃப்ராக்ஸ் மாதிரி ஒண்ணு வேணும், அப்பத்தான் கோடெல்லாம் பளிச்சுன்னு நிக்கும். துளிய கவர்ஸ்லிப்ல வச்சு ஆடாம அசையாம மெதுவா காய விடுங்க, சூட்டுல வேகமா காய வச்சா எல்லாம் ஒரு பக்கமா கூட்டம் கூடிடும்.

இப்போ அளக்குறது. இங்க கொஞ்சம் நிதானமா போலாம், ஏன்னா மத்தவங்க உங்க ஸ்பீஷீஸ தேடி வரும்போது முதல்ல பாக்கப் போறது இந்த நம்பரத்தான். ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் (ஸ்லைடுலயே பொறிச்ச அளவுகோல்) வச்சு கேலிப்ரேட் பண்ணிட்டு, 100 எக்ஸ் ஆயில் ஆப்ஜெக்டிவ்ல, டிஐசி (நுணுக்கத்த மேடு பள்ளமா எடுத்துக் காட்டுற லைட் மைக்ரோஸ்கோப் முறை) இருந்தா டிஐசில பாருங்க. குறைஞ்சது 30 வால்வாவது அளங்க, கிடைச்சா இன்னும் கூட. கண்ணுல பட்டத எல்லாம் அளக்காம, பெருசுல பெருசு எது, சின்னதுல சின்னது எதுன்னு தேடிப் போங்க, ரேஞ்சுங்கிறது அப்பத்தான் உண்மையா இருக்கும். அளக்கப் போற வால்வோட ரெண்டு நுனியும் ரெண்டு ஓரமும் ஒரே ஃபோகஸ்ல தெரியுதான்னு பாத்துக்கோங்க. ஒரு பக்கம் மங்கலா இருந்தா அது சாஞ்சு கிடக்கு, அகலம் கம்மியா வரும், அத விட்டுடுங்க.

ஸ்ட்ரையா, அதாவது ஓட்டுல கோடு கோடா தெரியுற துளை வரிசை, அத எண்ணுறதுதான் ஆளுக்கு ஆள் மாறும். 10 மைக்ரானுக்கு எத்தன ஸ்ட்ரையாங்கிறதுதான் கணக்கு. ஸ்கேலோட சைபர ஒரு ஸ்ட்ரையா மேல வச்சீங்கன்னா அந்த கோட எண்ணக் கூடாது, அடுத்ததுதான் ஒண்ணு, ஏன்னா நீங்க எண்ணுறது கோட்ட இல்ல, கோட்டுக்கு கோடு இருக்கிற தூரத்த. இந்த ஒரு எண்ணிக்கை வித்தியாசத்துலயே 11ங்கிறது 12 ஆயிடும், ரெண்டு நெருக்கமான ஸ்பீஷீஸ பிரிக்கிற வித்தியாசமே சில சமயம் அவ்வளவுதான். எந்த இடத்துல எண்ணினீங்கன்னும் எழுதணும். ரேடியேட் ஸ்ட்ரையா விசிறி மாதிரி விரிஞ்சு போறதால நடுக்கோட்டு பக்கம் எண்ணினா ஒரு நம்பர், ஓரத்துல எண்ணினா வேற நம்பர் வரும். நடுவுலயும் நுனிலயும் தனித்தனியா கொடுங்க. வால்வே 10 மைக்ரானுக்கு குட்டின்னா 5 மைக்ரானுக்கு எண்ணி ரெண்டால பெருக்கிட்டு, அப்படித்தான் எண்ணினேன்னு எழுதிடுங்க. 10 மைக்ரானுக்கு 40ஐ தாண்டிப் போச்சுன்னா லைட் மைக்ரோஸ்கோப்போட எல்லைய தொட்டுட்டீங்க, அதுக்கு மேல எஸ்இஎம் படத்துலதான் எண்ணனும்.

கோணலா, ஒரு பக்கம் வீங்கி, ஸ்ட்ரையா குழம்பிப் போய் சில வால்வு கிடைக்கும். கல்ச்சர்ல ரொம்ப நாள் வளத்தா இது சகஜம், கன உலோகம் கலந்த தண்ணிலயும் வரும். ஆக்ஸோஸ்போர்ல இருந்து அப்பத்தான் வெளிய வந்த முதல் செல்லும் உப்பலா, வேற உருவத்துல இருக்கும். இதையெல்லாம் ரேஞ்சுக்குள்ள சேக்காம தனியா சொல்லுங்க, விசித்திரமா இருக்கேன்னு புது ஸ்பீஷீஸ் ஆக்கிடாதீங்க.

எஸ்இஎம் பத்தி சுருக்கமா. கிளீன் பண்ண துளிய சின்ன துளை இருக்கிற பாலிகார்பனேட் ஃபில்டர்லயோ நேரா ஸ்டப்லயோ (எஸ்இஎம்ல சாம்பிள் வைக்கிற சின்ன உலோகத் தாங்கி) காய வச்சு தங்கமோ பிளாட்டினமோ கோட்டிங். கோட்டிங் தடிமனா போட்டா நுணுக்கமான துளையெல்லாம் அடைஞ்சு "துளை மூடியிருக்கு"ன்னு நீங்களே நம்பிடுவீங்க. வோல்டேஜ் கூடினா ஓடு கண்ணாடி மாதிரி ஊடுருவி தெரிய ஆரம்பிச்சிடும், மேற்பரப்பு வேணும்னா குறைவா வைங்க.

இப்போ ஒரு வால்வுல என்னென்ன பாக்கணும்? கோம்ஃபோனீமாங்கிற ஜீனஸ (பேரினத்த) சேந்த ஒண்ணுன்னு வச்சுக்குவோம். முதல்ல வெளிப்பக்கம். தலைநுனி ஒரு மாதிரி, கால்நுனி ஒரு மாதிரி, அதாவது ஹெட்டிரோபோலார். நடுவுல ஓடுற பிளவு ராஃபி, அது நேரா நூல் மாதிரியா, அலை அலையாவான்னு பாருங்க. நடுவுல ராஃபி முடியுற இடம் லேசா விரிஞ்சு சொட்டு மாதிரி இருக்கா? நுனில ராஃபி முடியுற கீறல், அதாவது டெர்மினல் ஃபிஷர், நேரா மேன்டில் (வால்வோட ஓரத்துல கீழ மடங்குற பகுதி) மேல இறங்குதா, ஒரு பக்கம் வளையுதா? சென்ட்ரல் ஏரியாவுல, அதாவது வால்வோட நடுவுல இருக்கிற வெற்று இடத்துல, ஒரு பக்கம் நடு ஸ்ட்ரையா குட்டையா நிக்கும், எதிர் பக்கம் ஸ்ட்ரையா முடியுற இடத்துல தனியா ஒரு துளை இருக்கும், அதுதான் ஸ்டிக்மா. கால்நுனில ஏபிகல் போர் ஃபீல்டு, பொடிப்பொடி துளையா, பிசின் காம்பு சுரக்கிற இடம், ராஃபியோட முடிவு அத ரெண்டா பிரிக்குதான்னு பாருங்க. அப்புறம் ஸ்ட்ரையா ஒவ்வொண்ணுலயும் அரியோலா, அதாவது துளை, ஒரு வரிசையா ரெண்டு வரிசையா, வாய் வட்டமா, கீறல் மாதிரியா, இங்கிலீஷ் சி மாதிரியா, 10 மைக்ரானுக்கு எத்தன.

அடுத்தது உள்பக்கம். நிறைய பேர் இதுக்கு ஒரே ஒரு படத்தோட நிறுத்திடுறாங்க, ஆனா ஜீனஸ முடிவு பண்ற விஷயம் பல சமயம் உள்ளதான் இருக்கும். நடு நாட்யூல்ல (நடுவுல சிலிக்கா தடிச்ச இடம்) ராஃபி கொக்கி மாதிரி ஒரு பக்கம் வளையுதா, நுனில ஹெலிக்டோகிளாஸாங்கிற உதடு மாதிரி மேடு எப்படி இருக்கு, வெளிய வட்டமா தெரிஞ்ச ஸ்டிக்மா உள்ள நீளமான கீறலா திறக்குதா, நுனில சூடோசெப்டம் (உள்ள நீட்டிட்டு இருக்கிற சின்னத் தகடு) இருக்கா. அரியோலாவ மூடுற மெல்லிசான சவ்வு, ஹைமன்னு சொல்றது, இருக்கா இல்லையான்னு எழுதுறதுக்கு முன்னாடி ஜாக்கிரதை. ஆசிட்ல அது சுலபமா அரிச்சுப் போயிடும். ஒரு வால்வுல காணோம்னா இல்லேன்னு அர்த்தம் இல்ல, நாலஞ்சு நல்ல நிலைல இருக்கிற வால்வ பாத்துட்டு பேசுங்க.

இன்னொண்ணு, உள்பக்கத்த பாக்கும்போது இடது வலது மாறிடும். வெளிப்படத்துல இடது பக்கம் இருந்த ஸ்டிக்மா உள்படத்துல வலது பக்கம் தெரியும், இத யோசிக்காம "ஸ்டிக்மா இருக்கிற பக்கத்துக்கே ராஃபி வளையுது"ன்னோ "எதிர்ப்பக்கம்"னோ எழுதினா தலைகீழா போயிடும். இடது வலதுன்னே எழுதாம, ஸ்டிக்மா பக்கம், டார்சல் (வளைஞ்ச வால்வோட முதுகுப்) பக்கம், வென்ட்ரல் (வயித்துப்) பக்கம்னு ஓட்டுலயே இருக்கிற அடையாளத்த வச்சு எழுதுறது பாதுகாப்பு. சிம்பெல்லா, என்சியோனீமாங்கிற ரெண்டு ஜீனஸும் பிரியுறதே ராஃபியோட நுனி எந்தப் பக்கம் திரும்புதுங்கிறதுலதானே, சிம்பெல்லாவுல டார்சல் பக்கம், என்சியோனீமாவுல வென்ட்ரல் பக்கம்.

கர்டில் பேண்ட் யாருக்கும் பிடிக்காது, கிளீனிங்ல கழண்டு போயிடும், பாக்குறதும் கஷ்டம். இருந்தாலும் பிரியாத ஃப்ரஸ்ட்யூல் ரெண்டு மூணு தேடி, பேண்ட் திறந்ததா மூடினதா, எத்தன வரிசை துளைன்னாவது எழுதுங்க.

எழுதும்போது வரிசை மாத்தாதீங்க. உருவம், நுனி, அளவு, ஏக்சியல் ஏரியா (ராஃபிய ஒட்டி ஸ்ட்ரையா இல்லாத பட்டை), சென்ட்ரல் ஏரியா, ராஃபி, ஸ்ட்ரையா, அதுக்கப்புறம் எஸ்இஎம் வெளிப்பக்கம், உள்பக்கம், கர்டில். லைட் மைக்ரோஸ்கோப்ல தெரியுறதும் எஸ்இஎம்ல மட்டும் தெரியுறதும் கலக்கவே கூடாது, ஏன்னா படிக்கிறவர்கிட்ட எஸ்இஎம் இல்லாம இருக்கலாம். சும்மா மாதிரிக்கு ஒரு வரி: "வால்வு ஹெட்டிரோபோலார், லேன்சியோலேட் முதல் ரோம்பிக்-லேன்சியோலேட், நீளம் 18–46 மைக்ரான், அகலம் 5.5–7.5 மைக்ரான், அளந்தவை 40. ஸ்ட்ரையா நடுவில் லேசாக ரேடியேட், 10 மைக்ரானுக்கு 10–12." "அழகான", "தெளிவான", "ஓரளவு பெரிய" மாதிரி வார்த்தைக்கு இங்க வேலை இல்ல. கலைச்சொல்லும் நீங்களா உருவாக்காதீங்க, 1975லயும் 1979லயும் டயாட்டம் ஆளுங்க உக்காந்து பொதுவா ஒரு சொற்பட்டியல் போட்டுட்டாங்க, இன்னிக்கும் அதுதான் அடிப்படை.

படத்தகடுல பெருசுல இருந்து சிறுசு வரைக்கும் வரிசையா, எல்லாத்தையும் ஒரே உருப்பெருக்கத்துல வைங்க. ஒரு படம் 1500 மடங்கு இன்னொண்ணு 2000 மடங்குன்னு போட்டா வரிசை வச்சதுக்கே அர்த்தம் இல்ல.

ஒப்பீடு இல்லாத விவரணைக்கு உயிர் இல்ல. நெருக்கமான நாலஞ்சு ஸ்பீஷீஸ எடுத்து டேபிள் போடுங்க, ஆனா அந்த நம்பர யாரோ அந்தப் பேர்ல அடையாளம் கண்டதா சொன்ன லிஸ்ட்ல இருந்து எடுக்காம, டைப் மெட்டீரியல்ல (முதல்ல பேர் வச்சப்போ ஆதாரமா வச்ச மூல சாம்பிள்) இருந்து அளந்ததுல இருந்து எடுங்க. 1844ல ஜெர்மன் பாசி ஆய்வாளர் கியூட்சிங் பேர் வச்ச ஸ்பீஷீஸுக்கெல்லாம் அன்னிக்கு எஸ்இஎம் ஏது, அவர் பேர்ல பின்னாடி வந்தவங்க எதை எதையோ சேத்துட்டாங்க. டைப்ப திரும்ப பாத்து எழுதின பேப்பர் இருக்கான்னு தேடுங்க, இல்லேன்னா அத பாதுகாத்து வச்சிருக்கிற ஹெர்பேரியத்துக்கு (தாவர மாதிரி காப்பகம்) எழுதிக் கேளுங்க. வித்தியாசம் ஒரே ஒரு விஷயத்துலதான், அதுவும் அளவுலதான்னா, புது பேர் வைக்கிறத கொஞ்சம் தள்ளிப் போடலாம்ங்கிறது என் கருத்து. ஆர்பிசிஎல்ங்கிற குளோரோபிளாஸ்ட் ஜீனோட டிஎன்ஏ வரிசையும் கூட இருந்தா வாதம் பலமாகும்.

கடைசியா சட்டம், அதாவது பேர் வைக்கிற சர்வதேச விதி. பேரு செல்லுபடியாகணும்னா விவரணையோ டயக்னோசிஸோ (மத்த ஸ்பீஷீஸ்ல இருந்து எதுல வேறன்னு சொல்ற சுருக்கம்) லத்தீன்லயோ இங்கிலீஷ்லயோ இருக்கணும். 1958ல இருந்து 2011 முடியுற வரைக்கும் பாசிக்கு லத்தீன் கட்டாயம், 2012 ஜனவரி 1ல இருந்துதான் இங்கிலீஷும் போதும்னு ஆச்சு. ஸ்பீஷீஸோட தனித்தன்மைய காட்டுற படமும் வேணும். ஹோலோடைப், அதாவது அந்தப் பேருக்கு ஆதாரமா நீங்க குறிக்கிற ஒரே மாதிரி, எந்த ஹெர்பேரியத்துல, என்ன நம்பர்ல இருக்குன்னு பேப்பர்லயே சொல்லணும். ஒரு ஸ்லைடுல அம்பது ஸ்பீஷீஸ் கலந்து கிடக்கும், அதனால ஹோலோடைப் வால்வ சுத்தி வட்டம் போட்டு, இங்கிலாந்து ஃபைண்டர் (ஸ்லைடுல இடத்த குறிக்க உதவுற கட்டம் போட்ட கண்ணாடி) எண்ணையும் எழுதி, அதே வால்வோட படம் தகட்டுல எதுன்னும் குறிச்சிடுங்க. ஐசோடைப் (ஹோலோடைப்போட நகல்) ஸ்லைடு ஒண்ணு ரெண்டு வேற ஹெர்பேரியத்துக்கும் அனுப்புங்க, பாசிப் பேரு பதிவு பண்ற ஃபைகோபேங்க் இணையதளத்துல பதிவு பண்ணி அந்த நம்பரையும் பேப்பர்ல சேத்துடுங்க. கிளீன் பண்ண மிச்ச சாம்பிள தூக்கிப் போடாதீங்க, சின்ன குப்பில கொஞ்சம் எத்தனால் விட்டு, ஸ்லைடோட அதே நம்பர ஒட்டி ஹெர்பேரியத்துலயே கொடுத்துடுங்க, பின்னாடி எஸ்இஎம்ல திரும்ப பாக்கணும்னு கேக்குறவங்களுக்கு ஸ்லைடுல ஒட்டிக் கிடக்கிற வால்வு உதவாது.